ஓசை வேறு, விசை வேறு!



மதரஸாவில் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்துக் காலம் கழிக்கும் ஒருவன், மோட்டார் காரின் காற்றுக் குழாயைப் பற்றி உங்களிடம் பேச முன்வந்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். கல்லூரியில் நான் பயின்றது வரலாறு. என் கையால் நான் பழுது பார்த்த ஒரே வாகனம் என்னுடைய சைக்கிள். அதிலும், சங்கிலி கழன்றால் மாட்டுவதோடு என் திறமை முடிந்துவிடும். அப்படிப்பட்ட நான், 2023-ஆம் ஆண்டில் ஒரு நாள், எனக்குச் சிறிதும் தெரியாத ஒரு பொருளைக் குறித்து என் தங்கையிடம், "வாங்கிக் கொடு" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல்.

இன்று நம் இல்லங்களில் பலவற்றில் கார் நிற்கிறது. அதை ஓட்டும் பிள்ளைகளுக்கு அதை அழகுபடுத்தவும் விரைவுபடுத்தவும் ஆசை இருக்கிறது. அந்த ஆசையோடு அவர்களில் ஒருவர் நாளை உங்களிடமும் வந்து நிற்கக் கூடும். அப்போது நான் சொன்னதைப் போல நீங்களும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மருமகனின் ஆசை

என் தங்கை மகனுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. காயல்பட்டினத்தில் இருந்துகொண்டு, உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரங்களில் கருப்பட்டி கொள்முதல் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் வணிகம் செய்து வந்தான். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் குதிரைமொழித் தேரியை ஒட்டிய சாலைகளில் போய்வருவான். தேரிக்காட்டைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மணல் மேடுகள், இடையிடையே பனையும் உடைமரமும். ஆனி, ஆடி மாதங்களில் மேலைக்காற்று வீசத் தொடங்கினால், அந்த மணலின் நுண்தூள் எழும்பிச் சாலையை மறைக்கும். வெள்ளைச் சட்டையோடு சென்றவர் செம்பழுப்புச் சட்டையோடு திரும்புவார். இந்தத் தூசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

2022-ஆம் ஆண்டில் அவன் பழைய கார் ஒன்றை வாங்கினான். டர்போ பொருத்திய பெட்ரோல் கார். நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக் கூடிய கார்களில் இவ்வகை என்ஜின் பரவலானது அண்மைக் காலத்தில்தான். 2013-இல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2017-இல் பலேனோ ஆர்.எஸ்., நெக்ஸான், 2019-இல் வென்யூ என்று வரிசையாக வந்தன.

டர்போ என்பது என்ன? என்ஜினிலிருந்து வெளியேறும் புகை வீணாகப் போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுதியாகச் சென்றால் அதற்கேற்ப எரிபொருளும் மிகுதியாக எரியும். சிறிய என்ஜின் பெரிய என்ஜினைப் போல இழுக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் காப்புரிமை கோரிய கருத்து இது. 1962-இல் அமெரிக்காவில் டர்போ பொருத்திய கார்கள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. அந்தச் சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேலாகச் சுழலும் என்றால், அதன் நுண்மையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2023 நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில் மருமகன் என் வீட்டுக்கு வந்தான். காற்று உள்ளே செல்லும் பழைய பெட்டியை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் கூம்பு வடிவ வடிகட்டியும் பளபளக்கும் அலுமினியக் குழாயும் பொருத்த வேண்டுமாம். விலை 26,000 ரூபாய்.

"மாமா, மனுஷனுக்கு மூச்சு எப்படியோ என்ஜினுக்குக் காத்து அப்படி. கம்பெனிக்காரன் மூக்கை அடைச்சு வச்சிருக்கான். இதை மாட்டினா நல்லா மூச்சு விடும். உம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

இலக்கியம், வரலாறு என்று படித்தவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. உவமை நன்றாக இருந்தால் உண்மையும் அதிலேயே இருப்பதாக நம்பிவிடுவான். மூச்சு என்ற அந்த உவமையில் நான் வீழ்ந்தேன். அன்று மாலையே தங்கை வீட்டுக்குச் சென்றேன். அவளிடம் சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் இருந்தது. மழைக்கு ஒழுகும் மாடியறைக் கூரையைச் சீர்செய்வதற்காக மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கட்டிச் சேர்த்த பணம்.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் காக்கா? நீங்க சரின்னு சொன்னா சரி" என்றாள்.

நான் சரி என்றேன். ஆலோசனை கேட்கப்படுபவன் ஓர் அமானிதத்தைச் சுமக்கிறான் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவன் நான். அன்று அந்தப் பாடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஓசையில் மயங்கினோம்

ஒரு பெருநகரத்துக் கடையில் அதைப் பொருத்திக்கொண்டு வந்தான். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் உறுதி கூறினாராம். முன்னிருக்கையில் என்னை அமர்த்தி ஓட்டிக் காட்டினான். மிதிவிசையை அழுத்தியபோது பெருமூச்சு போன்ற சீறல். காலை எடுத்தபோது 'புஸ்' என்று ஓர் ஓசை. "இப்ப எப்படி இருக்கு மாமா?" என்றான். "முன்னைவிட வேகம்தான்" என்றேன். முன்னர் அது எவ்வளவு வேகமாகச் சென்றது என்பதை நான் அளந்து பார்த்ததில்லை; அவனும் அளந்ததில்லை. காதில் விழுந்த ஓசையை, சக்கரத்துக்குச் சென்ற விசை என்று இருவரும் நம்பினோம்.

ஆனி வந்தது, ஆடி வந்தது. தேரிக்காட்டில் செம்புழுதி பறந்தது. செப்டம்பர் மாதத்தில் கார் இழுவை குறையத் தொடங்கியது. சீறல் மாறி, கொதிக்கும் கெண்டியின் ஊளை போன்ற ஓசை கேட்டது. பின்புறம் நீலப் புகை. என்ஜின் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

தூத்துக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்துவரும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள குழாயைக் கழற்றினார்.

"பாய், உங்க கைக்குட்டையைக் கொஞ்சம் கொடுங்க" என்றார்.

கொடுத்தேன். அதை விரலில் சுற்றிக் குழாயின் உட்புறத்தைத் துடைத்து என்னிடமே நீட்டினார். வெள்ளைக் கைக்குட்டையில் செந்நிறக் கோடு. வடிகட்டியைத் தாண்டிய பின், ஒரு துளித் தூசி கூட இருக்கக் கூடாத இடம் அது. பிறகு டார்ச் அடித்து டர்போவின் சக்கரத்தைக் காட்டினார். கத்தி விளிம்பு போல் இருக்க வேண்டிய அதன் இதழ்கள், தேய்ந்த பன்னரிவாள் போல் மழுங்கியிருந்தன.

குற்றம் இரண்டு இடங்களில் இருந்தது. 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' அந்த ரப்பர் இணைப்பின் வாய், காரின் குழாயைவிடச் சற்று அகலம். கிளிப்பை இறுக்கியபோது ரப்பர் மடிந்து, மடிப்பின் அடியில் ஒரு நூலிழை இடைவெளி. காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு அந்த வழியாகவே உள்ளே போயிருக்கிறது. இரண்டாவது, வடிகட்டியின் பருத்தி வலையே மிக நெகிழ்வானது. எண்ணெய் தோய்த்து வைத்தால்தான் தூசியைப் பிடிக்கும். ஒரு தடவை கழுவிய மருமகன், மீண்டும் எண்ணெய் இட வேண்டும் என்பதை அறியாமல் உலர்ந்த வலையையே மாட்டியிருந்தான்.

புதிய டர்போ, பிஸ்டன் வளையங்கள், கூலி எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். கூரைக்கென்று இருந்த பணத்தில் மீதி அங்கே கரைந்தது. குறைந்ததை நான் கொடுத்தேன். தங்கை என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மெக்கானிக் நடத்திய பாடம்

கார் தயாராகும் வரை, விடுமுறை நாட்களில் அந்தப் பட்டறைக்குச் சென்று அமர்ந்தேன். தெரியாமல் சொன்னவன், இனியாவது தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அவரை "அண்ணாச்சி" என்று அழைத்து, முதல் வகுப்பு மாணவனைப் போல் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

"என்ஜின் எவ்வளவு காத்துக் குடிக்கும்னு நினைக்கிறீங்க?" என்று தொடங்கினார். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டர் காற்று! தேரிச் சாலையில் ஒரு நாள் ஓடும் கார், ஒரு பெரிய அறையின் காற்று முழுவதையும் அதன் தூசியோடு சேர்த்து இழுக்கிறது. அந்தக் காற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிரித்து நிறுத்துவதே வடிகட்டியின் தொழில். மனிதத் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். பிஸ்டன் வளையங்களைத் தேய்த்து அழிப்பவை அதனினும் மிகச் சிறிய, ஐந்து முதல் இருபது மைக்ரான் வரையிலான துகள்கள்.

"மாவு சலிக்கிற சல்லடையில ஓட்டை பெரிசா இருந்தா மாவு சீக்கிரம் விழும் பாய். தவிடும் சேர்ந்து விழும். காத்து தாராளமா போகுதுன்னு பெருமைப்பட்டவங்க யாரும், தூசி எவ்வளவு நிக்குதுன்னு கேக்க மாட்டாங்க" என்றார்.

நானும் கேட்கவில்லை. மூக்கு அடைபட்டிருக்கிறது என்ற உவமையில், மூக்கின் மயிர்களுக்கும் ஒரு தொழில் உண்டு என்பதை மறந்திருந்தேன்.

பிறகு வகைகளைச் சொன்னார். காற்று உட்கொள்ளும் அமைப்பை மாற்ற விரும்புவோருக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பலகை வடிவ வடிகட்டியை மட்டும் மாற்றுவது. இரண்டாவது, பெட்டியை எடுத்துவிட்டு என்ஜின் அறைக்குள் கூம்பு வடிகட்டியைத் திறந்தபடி வைப்பது. எங்கள் வீட்டில் நடந்தது இதுவே. மூன்றாவது, கூம்பையே மூடிய பெட்டிக்குள் வைத்து, முன்புறத்திலிருந்து குழாய் வழியே வெளிக்காற்றைக் கொண்டு வருவது.

இரண்டாவது வகையின் குறை வெப்பம். என்ஜின் அறைக் காற்று கொதிக்கிறது. 35 பாகை வெப்பக் காற்றுக்குப் பதிலாக 65 பாகைக் காற்றை இழுத்தால், அதே கன அளவில் காற்றின் எடை ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்துவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். அழுத்தினால் காற்று மேலும் சூடாகும். டர்போவும் அவ்வாறே சூடாக்குகிறது. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் இன்டர்கூலர் என்ற குளிர்விப்பான் இருக்கிறது. ஏற்கெனவே சூடான காற்றைக் கொடுத்தால் அதன் சுமை மிகும். சூடு எல்லை மீறினால் காரின் கணினி, என்ஜினைக் காக்கும் பொருட்டுத் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளி விசையைத் தானே குறைத்துவிடும். ஓசை கூடியிருக்கும், விசை குறைந்திருக்கும்.

வடிகட்டும் பொருளிலும் வேறுபாடு உண்டு. காகித வடிகட்டி மலிவு. தூசியை நன்றாக நிறுத்தும். அழுக்கானால் தூக்கி எறிய வேண்டும். எண்ணெய் தோய்த்த பருத்தி வலையைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். ஆனால் எண்ணெய் குறைந்தால் தூசி நுழையும், மிகுந்தால் அது காற்றோடு சென்று, சில கார்களில் உள்ள காற்றளவு காட்டும் நுண்கருவியின் மேல் படிந்து அதன் கணக்கைக் கெடுக்கும். எண்ணெய் வேண்டாத செயற்கை இழை வடிகட்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

நீர் காட்டிய கணக்கு

கார் ஓடத் தொடங்கிய பின், மருமகன் மீண்டும் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, நல்ல கம்பெனியோட மூடின பெட்டி வகை ஒண்ணு போடலாமா?" என்றான். எனக்குச் சினம் வந்தது. அண்ணாச்சியோ சிரித்தார். "ஆசைப்படுறது தப்பு இல்ல தம்பி. அளந்து பாத்துட்டு ஆசைப்படு" என்றார்.

கொத்தனார்கள் தளமட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிந்த குழாயை எடுத்தார். அதைத் தமிழின் 'ப' எழுத்தைப் போல் ஒரு பலகையில் வளைத்துக் கட்டி, பாதியளவு நிறம் கலந்த நீர் ஊற்றினார். ஒரு முனையைத் திறந்துவிட்டு, மறுமுனையிலிருந்து சன்னமான குழாய் ஒன்றை, துளையிட்டு முளை பொருத்திய பழைய வடிகட்டிப் பெட்டி ஒன்றில் இணைத்தார். என்ஜின் எவ்வளவு கடினமாகக் காற்றை உறிஞ்சுகிறதோ, அவ்வளவுக்கு நீரின் இரு மட்டங்களும் விலகும். பின்னிருக்கையில் பலகையைப் பிடித்துக்கொண்டு அமர வேண்டியது என் பொறுப்பு.

மறுநாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின், சாலை வெறிச்சோடிய நேரத்தில் புறப்பட்டோம். மூன்றாம் கியரில் மிதிவிசையை முழுதும் அழுத்தி, முதலில் காரோடு வந்த பழைய அழுக்குக் காகித வடிகட்டியை வைத்து ஓட்டினோம். நீர் மட்டங்களின் இடைவெளி 40 சென்டிமீட்டர். அடுத்து, சில நூறு ரூபாய் விலையுள்ள புதிய காகித வடிகட்டி. இடைவெளி 21 சென்டிமீட்டர். மூன்றாவதாக, வடிகட்டிக்கு முந்திய பக்கத்தில் உள்ள முளையில் குழாயை மாற்றி அளந்தோம். அங்கேயே 15 சென்டிமீட்டர் இருந்தது. ஆக, புதிய வடிகட்டி காற்றுக்குக் கொடுக்கும் தடை வெறும் 6 சென்டிமீட்டர் நீர்.

பட்டறைக்குத் திரும்பி, அண்ணாச்சி தரையில் சுண்ணக்கட்டியால் கணக்குப் போட்டார். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீருக்குச் சமம். அப்படியானால் 40 சென்டிமீட்டர் என்பது நூற்றுக்கு நான்கு பங்கு. 21 என்பது இரண்டு பங்குக்குச் சற்று மிகுதி. 6 என்பது ஒரு பங்கு கூட இல்லை. உலகத்திலேயே விலையுயர்ந்த வடிகட்டியை வாங்கினாலும், அந்த ஒரு பங்குக்கும் குறைவான தடையில்தான் அது மிச்சம் பிடிக்க முடியும்.

அது மட்டுமன்று. டர்போ காரில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. நுழைவாயிலில் தடை குறைந்தால், டர்போ அதே அழுத்தத்தைச் சற்று எளிதாக, சற்று முன்னதாக எட்டும். கணினியின் கணக்கை மாற்றாத வரை பெரிய விசை எங்கிருந்தும் வந்துவிடாது. அந்தக் கணக்கையும் மாற்றி, பெரிய டர்போவும் வைத்துப் பந்தயத்தில் ஓட்டுவோருக்குப் பெரிய காற்று வழி தேவை. கருப்பட்டி மூட்டை ஏற்றி வரும் காருக்கு?

மருமகன் நெடுநேரம் அந்தச் சுண்ணக்கட்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப, அன்னைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒரு புது ஃபில்டர் மட்டும்தானா மாமா?" என்றான். சில நூறு ரூபாய்ப் பொருள்! என்னிடம் விடை இல்லை.

பழைய பெட்டியும் புதிய காகித வடிகட்டியும் என்று முடிவாயிற்று. தேரிக்காட்டுப் பயணத்தை முன்னிட்டு, நிறுவனம் சொல்லும் கிலோமீட்டரில் பாதி ஓடியதுமே வடிகட்டியை மாற்றிவிட வேண்டும் என்று அண்ணாச்சி வகுத்துக் கொடுத்தார்.

மழை வந்தது

2023 டிசம்பர் 17, 18 நாட்களை எங்கள் வட்டாரத்தார் எவரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தங்கை வீட்டின் மாடியறையில் சட்டி, அண்டா, வாளி என்று இருந்த பாத்திரங்களையெல்லாம் பரப்பி வைத்தோம். சீர்செய்யப்படாத கூரை வழியே நீர் விழும் ஓசையை அந்த இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். காருக்காகக் கேட்ட ஓசைக்கு இது பதில் போல இருந்தது.

தெருவில் நின்ற கார், முன்மூடி அளவுக்கு நீரில் மூழ்கியிருந்தது. நீர் வடிந்ததும் பலர் தத்தம் வண்டிகளின் சாவியைத் திருகினர். மருமகன் திருகவில்லை. பட்டறையில் அவன் கற்ற பாடங்களில் ஒன்று அது. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. காற்று வழியே நீர் புகுந்த நிலையில் என்ஜினைச் சுழற்றினால், மேலேறும் பிஸ்டன் நீரில் முட்டி, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். குளிர்ந்த காற்றுக்காக உறிஞ்சு வாயைச் சக்கரத்தின் அருகே தாழ்வாக வைக்கும் அமைப்புகளில், மழைநீர் தேங்கிய சாலையில் ஓட்டினாலே இந்த இடர் நேரும்.

காரைக் கட்டி இழுத்துச் சென்றோம். அண்ணாச்சி பெட்டியைத் திறந்தபோது வடிகட்டி நனைந்திருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கையால் சுழற்றி நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றினார். மின்கம்பிகள் சிலவற்றை மாற்ற வேண்டியிருந்தது. என்ஜின் பிழைத்தது.

உங்களிடம் வரும்போது

வாசகர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய ஆசையோடு வந்தால் அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். தன் வண்டியை நேசிப்பதும் அதன் ஓசையில் மகிழ்வதும் இளமையின் இயல்பு. ஆனால் அவனோடு அமர்ந்து சில கேள்விகளைக் கேளுங்கள். இப்போதுள்ள வடிகட்டியை மாற்றி எவ்வளவு நாளாயிற்று? அவன் ஓட்டும் சாலையில் தூசி எவ்வளவு? வாங்கப் போகும் பொருள் அவனுடைய காருக்கென்றே செய்யப்பட்டதா, எல்லாவற்றுக்கும் பொருந்துவதா? ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் உலகத் தரமுறைப்படி, அது தூசியை எவ்வளவு நிறுத்துகிறது என்று சோதித்த அறிக்கை உண்டா? உறிஞ்சு வாய் எங்கே அமையும். அங்கே சூடு வருமா, நீர் வருமா? பொருத்திய ஒரு மாதம் கழித்து, வெள்ளைத் துணியால் குழாயின் உட்புறத்தைத் துடைத்துப் பார்ப்பானா?

சட்டத்தையும் கேட்டறிய வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. உத்தரவாதக் காலம் முடியாத கார் என்றால், மாற்றம் செய்வதற்கு முன் நிறுவனத்திடமும் காப்பீட்டாரிடமும் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுவது நலம்.

2024-இல் தங்கை வீட்டுக் கூரையைச் சீர்செய்தோம். செலவில் என் பங்கை, மாதம் மூவாயிரமாகச் சம்பளத்திலிருந்து கொடுத்து முடித்தேன். அவள் வேண்டாம் என்றாள். "நான் சொன்ன சொல்லுக்கு உள்ள கடன் இது" என்றேன்.

சென்ற மாதம் மருமகன் மீண்டும் என்னிடம் வந்தான். வணிகத்துக்காகச் சிறிய சரக்கு வண்டி ஒன்று வாங்க வேண்டுமாம். டீசலா, மின்சாரமா என்று என் கருத்தைக் கேட்டான். உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டினான்.

"எனக்குத் தெரியாது தம்பி. சனிக்கிழமை அண்ணாச்சியிடம் இருவருமே போய்க் கேட்போம். உன் உம்மாவையும் அழைத்துக்கொள்வோம்" என்றேன்.